நாய்க்கு நின்ற நோய் என் பையனுக்கு எப்போது நிற்கும்?

கேள்வி:
கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்கிறேன். என் பையனுக்கு நாலரை வயது. பேச்சு தாமதமாகத்தான் வந்தது. மூன்று வயதில் முதல் வலிப்பு. இப்போது நடந்தால் தடுமாறுகிறான், தெரிந்த வார்த்தைகளையே விட்டுவிடுகிறான். புதுச்சேரியில் காட்டினோம். ரத்தப் பொட்டு எடுத்து அனுப்பியதில் டிபிபி1 என்ற என்சைம் இல்லை, இது சிஎல்என்2, பேட்டன் நோயில் ஒரு வகை என்றார்கள். ஃபோனில் தேடியபோது, இதே நோய் வந்த டேஷ்ஹண்ட் நாயை ஊசி போட்டுக் குணமாக்கியதாகச் செய்தி பார்த்தேன். நாய்க்கே முடிந்தது என் பிள்ளைக்கு ஏன் முடியாது? எத்தனை வருஷம் ஆகும்? இதற்காக நோயுள்ள குட்டிகளை வேண்டுமென்றே ஈன வைக்கிறார்கள் என்று சொன்னதும் என் அம்மா, 'வாயில்லா ஜீவனை வதைத்து வருகிற மருந்து நமக்கு வேண்டாம்' என்கிறார். இன்னொரு பக்கம், எலியில் வெற்றி பெற்றது என்று சொல்லி ஸ்டெம் செல் ஊசிக்கு ஓரிடத்தில் 4 லட்சம் கேட்கிறார்கள். போடலாமா? என் மனைவி என் சொந்த அக்கா மகள். இப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருக்கிறாள்.

பதில்:
தம்பி, நாயையும் எலியையும் ஊசியையும் பற்றி எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, போகிற போக்கில் 'இரண்டு மாதம்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நாள் கணக்குப் பார்க்க வேண்டியது அந்த ஒரு வரிக்குத்தான். கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே ஆசிரியர் குழு மூலம் உங்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

சிஎல்என்2 நோய் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் வரும். உங்கள் இருவரிடமும் ஒன்று நல்லது, ஒன்று பழுது. நல்லது ஒன்று வேலை செய்வதால் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைக்கு இரண்டுமே பழுதாக வந்து விழ ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 'ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை' என்று கணக்குப் போடும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தாயக்கட்டைக்கு ஞாபகம் கிடையாது. போன முறை என்ன விழுந்தது என்று அது யோசித்து விழுவதில்லை.

11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து ஊசியால் துளி திசு எடுத்து, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு இந்த நோய் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அந்த வாரங்கள் தாண்டிவிட்டால், 16 வாரம் வாக்கில் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பையனின் மரபணுவில் எந்த எழுத்து தப்பு என்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது என்சைம் ரிப்போர்ட் மட்டும். மரபணு ரிப்போர்ட் வர வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் இந்த வாரமே போங்கள் என்று சொன்னேன். ரிப்போர்ட் வந்தபின் என்ன செய்வது என்பது நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. டாக்டரோ பெரியவர்களோ அதை எடுக்கக் கூடாது.

சரி, இனி நாய்க்கு வருவோம்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். டிபிபி1 என்பது செல்லுக்குள் வெட்டுகிற வேலை பார்க்கும் என்சைம். பழைய புரதங்களை நுனியிலிருந்து மும்மூன்று கண்ணியாக நறுக்கிக்கொண்டே வரும். உங்கள் துறைமுகத்தில் படகு படகாக மீன் இறங்குகிறது, மீன் வெட்டும் பெண்கள் ஒருவரும் வரவில்லை என்று வையுங்கள். கூடைகள் குவியும், நடக்க வழி இருக்காது, நாறத் தொடங்கும். நீங்களாவது ஐஸ் போட்டு ஒரு நாள் தள்ளலாம், மூளைச் செல்லுக்கு அந்த வசதி இல்லை. குவிந்தது குவிந்தபடி இருக்க, செல் மெல்லச் சாகிறது. வலிப்பு, பேச்சு, நடை, பார்வை என்று வரிசையாக வருவதெல்லாம் இந்தக் குவியலின் வேலை.

மனிதரில் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தது 1997-ல். நியூ ஜெர்சியில் அதைக் கண்டுபிடித்த அதே குழு, 2004-ல் அந்த மரபணுவைக் கெடுத்து ஒரு சுண்டெலியை உருவாக்கியது. அந்த எலிக்கு நடுக்கம் வந்தது, வலிப்பு வந்தது, சில மாதங்களில் இறந்தது. ஆக, இந்த ஒரு மரபணு கெட்டாலே நோய் வந்துவிடும் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. எலியின் பெரிய உபயோகம் அதுதான்: காரணம் இதுதானா இல்லையா என்று சொல்லும். ஆனால் சுண்டெலியின் மூளை அரை கிராம்கூடக் கிடையாது. அதில் ஒரு சொட்டு மருந்து விட்டால் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் பையனின் மூளை ஒரு கிலோவுக்கு மேல், மடிப்பு மடிப்பாக. எலியில் ஓடிப் பரவிய மருந்து அங்கே எவ்வளவு தூரம் போகும் என்று எலியைக் கேட்டுப் பயனில்லை.

அந்த இடத்தில்தான் நாய் வருகிறது. அதை யாரும் ஆய்வகத்தில் செய்யவில்லை. வீட்டில் வளர்ந்த ஒரு டேஷ்ஹண்ட் குட்டி, ஒரு வயது ஆவதற்குள் தடுமாறவும் பார்வை மங்கவும் தொடங்க, அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2006-ல் அதன் மரபணுவைப் படித்தார்கள். மனிதக் குழந்தைகளுக்குக் கெட்டிருக்கும் அதே டிபிபி1 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. கட்டைக்காலும் நீள உடம்புமாக இருக்கும் இந்த நாயைப் புதுச்சேரியில் சில வீடுகளில் பார்த்திருப்பீர்கள். நிறமும் வடிவமும் மாறாமல் இருக்க வேண்டும் என்று, ஜாதி நாய் வளர்ப்பவர்கள் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் சேர்ப்பார்கள். ஒரே மூதாதையிடமிருந்து வந்த பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு குட்டியிடம் வந்து சேர வழி அப்படித்தான் உண்டாகிறது. உங்கள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்காமலே ஒன்று சொல்லியிருக்கிறீர்கள், அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

நோயுள்ள குட்டிக்கு ஏழு மாத வாக்கில் நடை தடுமாறத் தொடங்கும். ஒரு வயது நிறைவதற்குள் கதை முடிந்துவிடும். நாயின் மூளை எலியினுடையதைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரியது, மடிப்புகள் உள்ளது. ரத்தத்தில் ஏற்றினால் இந்த என்சைம் மூளைக்குள் நுழையாது. அதனால் மூளைக்குள் இருக்கும் நீரில் நேராகச் செலுத்த வேண்டும். எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, செலுத்தும்போது உடம்பு எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதையெல்லாம் இந்த நாய்களில்தான் பார்த்தார்கள். மருந்து போட்ட நாய்கள் போடாத நாய்களைவிடத் தாமதமாகத் தடுமாறின, சொன்னதைக் கற்றுக்கொள்ளும் திறன் அதிக நாள் நீடித்தது, கூடுதல் காலம் உயிரோடு இருந்தன.

நீங்கள் படித்த செய்தி 2015-ல் வந்த மரபணுச் சிகிச்சை ஆய்வைப் பற்றியதாக இருக்கலாம். அதில் என்சைமைத் திரும்பத் திரும்பச் செலுத்தாமல், அதைச் செய்யும் மரபணுவையே ஒரு வைரஸ் கூட்டில் ஏற்றி மூளை நீருக்குள் ஒரே தடவை விட்டார்கள். மூளையின் உட்குழிவுச் சுவரே என்சைம் செய்து கொடுக்கத் தொடங்கியது. அந்த ஆய்வாளர்களே தங்கள் கட்டுரைத் தலைப்பில் போட்டுக்கொண்ட வார்த்தை 'தாமதப்படுத்துகிறது' என்பதுதான். செய்தியாக வரும்போது அது 'குணமானது' என்று ஆகிவிடுகிறது. செய்தி எழுதுகிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் பழைய கோபம் இது. அந்த ஒரு சொல்லை நம்பி எத்தனை பெற்றோர் ராத்திரி முழுக்க ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

செய்தியில் விட்டுப்போகும் இன்னொன்று வயசு. அந்தக் குட்டிகளுக்கு மருந்து ஆரம்பித்தது இரண்டரை மாத வாக்கில். நோயின் ஓர் அறிகுறியும் தெரியாத பருவம். எந்தக் குட்டிக்கு நோய் வரும் என்று பிறந்ததுமே சோதித்துத் தெரிந்துவிடுவதால் அது முடிந்தது. உங்கள் பையனுக்குப் பேச்சு போக ஆரம்பித்த பிறகுதான் நோயே தெரிந்தது. செத்துப்போன செல்லை என்சைம் எழுப்பாது, இருப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான். ஆகவே 'நாய்க்கு முடிந்தது இவனுக்கு ஏன் முடியாது' என்ற கேள்விக்கு என் நேரான பதில்: நாய்க்கு முடிந்தது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. அதில் ஒரு பங்கு இவனுக்கும் முடியும், ஆனால் சீக்கிரம் ஆரம்பித்தால்.

எத்தனை வருஷம் என்று கேட்டீர்கள். என்சைம் விஷயத்தில் அந்த வருஷங்கள் கழிந்துவிட்டன. அது மருந்தாகவே வந்துவிட்டது, செர்லிபோனேஸ் ஆல்ஃபா என்று பெயர். தலைத்தோலுக்கு அடியில் சிறு குமிழ் போல ஒன்றை வைத்து, அதன் வழியாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூளை நீருக்குள் செலுத்துவார்கள். 2017 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எலி பிறந்து 13 வருஷம், நாயின் மரபணுவைப் படித்து 11 வருஷம். 2018-ல் வெளியான ஆய்வில் 24 குழந்தைகள் சேர்ந்தார்கள். நடைக்கு 3, பேச்சுக்கு 3 என்று மொத்தம் 6 மதிப்பெண். மருந்தில்லாத பழைய நோயாளிகளின் கணக்கில் 48 வாரத்துக்குச் சராசரியாக 2.12 மதிப்பெண் இறங்கியது. மருந்து போட்ட குழந்தைகளுக்கு 0.27 இறங்கியது. அதாவது இறக்கம் நின்றுபோகவில்லை, வெகுவாகக் குறைந்தது. 2024-ல் மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கும் அங்கே அனுமதி கொடுத்தார்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பற்றி நான் இவ்வளவு அவசரப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவேளை அந்தப் பிள்ளைக்கும் நோய் இருந்து, நீங்கள் பெற்றுக்கொள்வது என்று முடிவு செய்தால், அறிகுறி வருவதற்கு முன்பே மருந்துக்கு வழி தேடலாம். மரபணுச் சிகிச்சைக்கு இந்த நோயில் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

இந்த ஆய்வுகளில் நான் திரும்பத் திரும்பப் படித்தது கண்ணைப் பற்றிய பகுதியை. மூளை நீருக்குள் என்சைம் கொடுத்த நாய்கள் நன்றாக நடந்தன, ஆனால் அவற்றின் விழித்திரை கெடுவது நிற்கவில்லை. மூளையில் விடும் மருந்து கண்ணுக்குள் போய்ச் சேரவில்லை. பிறகு மருந்து போட்ட குழந்தைகளிடமும் அதையே கண்டார்கள்: நடையும் பேச்சும் கைவிட்டுப் போவது வெகுவாகக் குறைகிறது, பார்வை மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. மரபணுச் சிகிச்சையில் கூடுதல் காலம் பிழைத்த நாய்களிடம் இன்னொன்றும் வெளியே வந்தது. மூளை காப்பாற்றப்பட்டதால் உயிரோடு இருந்த அவற்றுக்கு, இதயம் போன்ற மற்ற உறுப்புகளிலும் அந்தக் குவியல் சேர்ந்து பாதிப்பு தெரிந்தது. முன்பெல்லாம் அதற்குள் உயிர் போய்விடும் என்பதால் யாருக்கும் அது தெரியவில்லை. 2017-ல் அதை எழுதினார்கள். இன்று மருந்தில் இருக்கும் ஒரு குழந்தையின் இதயத்தையும் கவனிக்க வேண்டும் என்று ஒரு டாக்டருக்குத் தோன்றினால், அதில் அந்த நாய்களுக்குப் பங்கு உண்டு.

எல்லா மிருகமும் இப்படிச் சரியாகச் சாட்சி சொல்லிவிடாது. ஏஎல்எஸ் என்று பெரியவர்களுக்கு வரும் ஒரு நரம்பு நோய். கை கால் தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும். எஸ்ஓடி1 என்ற மரபணுவில் வரும் தப்பை வைத்து 1994-ல் அதற்கு ஒரு சுண்டெலி செய்தார்கள். அதில் பல மருந்துகள் 'வேலை செய்தன'. முகப்பருவுக்குக் கொடுக்கும் மினோசைக்ளின் அதில் ஒன்று. எலி கூடுதல் நாள் பிழைத்தது. 400-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2007-ல் முடிவு வந்தபோது, மருந்து சாப்பிட்டவர்கள் சாப்பிடாதவர்களைவிட வேகமாக மோசமானார்கள். அடுத்த வருஷம் ஓர் அமெரிக்க ஆய்வு நிறுவனம், இந்த எலியில் 70-க்கும் மேற்பட்ட மருந்துகளைக் கூடுதல் எண்ணிக்கையில், கூடுதல் கவனத்தோடு மறுபடி சோதித்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. கொஞ்சம் எலிகளை வைத்துக்கொண்டு, ஆணா பெண்ணா என்று பிரிக்காமல், அவசரமாகச் செய்த கணக்குகளே பழைய வெற்றிகளில் பல.

இன்னொரு தப்பும் அதில் இருந்தது. ஏஎல்எஸ் நோயாளிகளில் எஸ்ஓடி1 தப்பால் நோய் வந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேருக்குச் செய்த எலியை வைத்துக்கொண்டு நூறு பேருக்கும் மருந்து தேடினால் எப்படிக் கிடைக்கும்? அதே எஸ்ஓடி1 எலிகளில் பார்த்துச் செய்த டோஃபர்சன் என்ற மருந்து, எஸ்ஓடி1 தப்பு உள்ளவர்களுக்கு மட்டும் என்று 2023-ல் அனுமதி பெற்றது. எலியைக் குறை சொல்லிப் பயனில்லை, அதனிடம் கேட்ட கேள்வியில்தான் கோளாறு.

ஆக, இனிமேல் ஃபோனில் இப்படி ஒரு செய்தி வந்தால், முதலில் எந்த மிருகம் என்று பாருங்கள். அதற்குக் கெட்டிருப்பது உங்கள் பையனுக்குக் கெட்டிருக்கும் அதே மரபணுவா, எந்த வயதில் மருந்து ஆரம்பித்தார்கள், நோய் தெரிந்த பிறகா முன்பா, அப்புறம் அந்த மிருகம் கடைசியில் என்ன ஆனது என்றும் தேடுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் செய்தியில் பதில் இருக்காது.

ஸ்டெம் செல் ஊசிக்கு இந்தக் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். எந்த எலி, எந்த நோய் என்று அந்த இடத்தில் கேட்டீர்களா? பையனின் இடுப்பெலும்பிலிருந்தே செல் எடுத்து அவனுக்கே செலுத்துவார்கள் என்று சொல்லியிருந்தால் இன்னும் வேடிக்கை. அந்தச் செல்லிலும் இதே மரபணுதான் இருக்கிறது, இதே பழுதோடு. வெட்டுகிறவர் இல்லாத ஊரிலிருந்து வெட்டுவதற்கு ஆள் கூட்டி வருகிற கதை. ரத்தம் சம்பந்தமான சில நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவதைத் தவிர மற்ற ஸ்டெம் செல் ஊசியெல்லாம் ஆராய்ச்சி மட்டுமே, அதை முறையான ஆய்வாக மட்டும்தான் செய்யலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்று மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. 4 லட்சம் கேட்கிறார்கள் என்பதிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது. போடாதீர்கள். கடன் வாங்கி அப்படி ஊசி போட்டுவிட்டு, பணமும் போய், ஊசி போட்ட இடத்தில் சீழும் வைத்துக்கொண்டு என்னிடம் வந்த ஒரு தாயின் முகம் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் அம்மா சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆய்வுக்காக வளர்க்கும் அந்த நாய்க் கூட்டத்தில் பழுது சுமக்கும் ஆணையும் பெண்ணையும் சேர்க்கிறார்கள். உங்கள் வீட்டுக் கணக்குதான் அங்கேயும், நான்கில் ஒரு குட்டிக்கு நோய். தாங்க முடியாத நிலை வந்ததும் அவற்றை வலியில்லாமல் முடித்துவிடுகிறார்கள். இதை மூடி மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. நான் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது முதல் வருஷம் தவளையின் கெண்டைக்கால் தசையை அறுத்து எடுத்து, மின்சாரம் கொடுத்து, புகை படிந்த உருளையில் கோடு வரையவிடுவோம். ஒரு வகுப்புக்கு எத்தனை தவளைகள்! அந்தக் கோடு எப்படி வரும் என்று புத்தகத்தில் படமே போட்டிருந்தது. முன்பே தெரிந்த விடைக்கு மறுபடி மறுபடி ஓர் உயிர். அதை இப்போது நம் நாட்டுக் கல்லூரிகளில் நிறுத்திவிட்டார்கள், நிறுத்தியது சரி. ஆனால் அந்த டேஷ்ஹண்டுகளிடம் கேட்ட கேள்விக்கு விடை எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

நோயாளியின் தோலிலிருந்து எடுத்த செல்லையே நரம்புச் செல்லாக மாற்றிக் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் வித்தை இன்று இருக்கிறது. மிருகத்துக்குப் பதில் இம்மாதிரி வழிகளையும் மருந்துச் சோதனைக்கு ஏற்கலாம் என்று நம் நாட்டு விதிகளே 2023-ல் மாறின. வரவேற்கிறேன், பாதி எலிகளாவது தப்பிக்கும். ஆனால் தட்டில் வளரும் செல் நடக்காது, பார்க்காது. மூளை பிழைத்துக் கண் போகும் என்பதை அது சொல்லியிருக்காது. ஆகவே என் கருத்து அம்மாவுக்குப் பாதி சாதகம், பாதி பாதகம். அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

ஆனால் தம்பி, அம்மாவுக்கு உறுத்துவது நாய் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். அவர் உங்கள் மனைவிக்கு மாமியார் மட்டுமில்லை, அம்மாவைப் பெற்ற ஆயாவும்தான். இந்தச் சம்பந்தத்தை முடித்து வைத்ததில் அவருக்குப் பங்கு இருந்திருக்கும். உங்களிடமும் உங்கள் மனைவியிடமும் இருக்கும் பழுது அம்மாவிடமிருந்தோ உங்கள் அப்பாவிடமிருந்தோ வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவர் அதை வாய்விட்டுச் சொல்லாமல் நாயைச் சாக்காக வைத்துப் பாவம் என்று பேசுகிறாரோ என்னவோ. அவருக்கு ஒன்று தெரிய வேண்டும்: இப்படி மறைந்திருக்கும் பழுதுகள் சில எல்லோரிடமும் இருக்கின்றன, எனக்கும் உண்டு. அந்நியத்தில் கட்டினால் இரண்டு பக்கமும் ஒரே பழுது வந்து சந்திப்பது அரிது. தாய்மாமன் கல்யாணத்தில் பிள்ளைக்கு எட்டில் ஒரு பங்கு மரபணு இரண்டு பக்கமும் ஒரே மூலத்திலிருந்து வருவதால் சந்திப்பு சுலபமாகிறது. அவ்வளவுதான். யாரும் செய்த பாவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் வீட்டில் இன்னும் கல்யாணமாகாத பிள்ளைகளைச் சொந்தத்தில் கொடுப்பதாக இருந்தால் மட்டும், முன்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மருந்தின் விலையைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். அமெரிக்காவில் அறிமுகமானபோது ஆண்டுக்கு 7 லட்சம் டாலர். நம் கணக்கில் பல கோடி, அதுவும் வருஷா வருஷம். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் இந்த நோய்க் குடும்பமும் பட்டியலில் இருக்கிறது. அதன்படி அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. தமிழ்நாட்டுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அதற்கான மையம். அந்தப் பணம் இந்த மருந்துக்குப் போதாது என்பது உங்களுக்கே தெரியும். ஆனாலும் பதிந்து வையுங்கள். மருந்து நிறுவனங்கள் இலவசமாகக் கொடுக்கும்போதும், புது ஆய்வுக்குக் குழந்தைகளைத் தேடும்போதும், பதிவில் இருப்பவர்களைத்தான் முதலில் கேட்பார்கள். அதற்கும் மரபணு ரிப்போர்ட் வேண்டும். பையனுக்கு இன்னும் நடை இருக்கும்போதே பதிவதில் வித்தியாசம் உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. அவன் சாப்பிடும் வலிப்பு மாத்திரையின் பெயரை எழுதவில்லை. கார்பமசெபின், பெனிட்டாயின் போன்றவை இந்த நோயில் சில குழந்தைகளுக்குத் திடீர் உதறலை அதிகமாக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் நோயின் பெயரைச் சொல்லி மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். சாப்பிடும்போது புரையேறுகிறதா என்று கவனியுங்கள். தண்ணீராக இருப்பதைவிடக் கஞ்சி பதம் அவனுக்குச் சுலபம். பிசியோதெரபி நிற்கக் கூடாது.

அப்புறம் கண். மருந்து கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பார்வை மங்கும் என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததால் தயார் செய்யலாம். பார்வை இருக்கும்போதே வீட்டைக் கையால் தொட்டுப் பழக்குங்கள்: வாசல்படி, சுவர், தண்ணீர்க் குடம், அவன் தூங்கும் இடம். கிட்டே போகும்போது முதலில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் தொடுங்கள். சத்தம் வரும் பொம்மைகளை இப்போதே கொடுங்கள். எந்தப் பாட்டுக்குச் சிரிக்கிறான் என்று குறித்து வையுங்கள். ஐஸ் பெட்டியைத் தட்டும் சத்தம் அவனுக்குப் பிடிக்கும் என்றால் அவனைக் கடைக்கும் கூட்டிப் போங்கள். பிள்ளை வரப்போகிறது என்று வீட்டில் கட்டிலை இடம் மாற்றும் யோசனை இருந்தால், அது மட்டும் வேண்டாம். இப்போது எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும்.